நட்சத்திரமும் சாட்சியமும்

சென்ற ரமலானுக்குச் சில நாட்கள் முன்பு, எம்மிடம் ஓதிச் சென்ற மாணவி ஒருத்தி தன் தாயாருடன் எமது இல்லம் வந்திருந்தாள். மணமாகிக் கைக்குழந்தையுடன் இருப்பவள். தான் கதை ஒன்று எழுதியிருப்பதாகவும், கைப்பேசியிலேயே படிக்கத்தக்க கதைக் களஞ்சியம் ஒன்றில் அது வெளியாகியிருப்பதாகவும் கூச்சத்தோடு சொன்னாள். "பிள்ளை ராத்திரியெல்லாம் கண்முழிச்சு எழுதினது ஹஜ்ரத்" என்றார் தாயார். "நீங்க அஞ்சு நட்சத்திரம் கொடுத்தா கதை மேலே வரும் ஹஜ்ரத்" என்றாள் மகள். எமக்குப் பெருமையாக இருந்தது. கைப்பேசியை அவளிடமே கொடுத்தோம். அவள் காட்டிய இடத்தில் விரலை வைத்தோம். ஐந்தும் பொன்னிறமாயின. கதையின் ஒரு வரியைக்கூட நாம் படித்திருக்கவில்லை.

மறுநாள் காலை வகுப்பில் பிக்ஹு நூலின் சாட்சியப் பாடம் நடந்தது. தான் கண்டறியாத ஒன்றுக்குச் சாட்சி சொல்லல் ஆகாது என்னும் இடத்திற்கு வந்தபோது, பல ஆண்டுகளாகத் தடையின்றி நடத்திவந்த அந்தப் பாடம் எம் தொண்டையில் நின்றுவிட்டது. பொய்ச் சாட்சியத்தை நாயகம் (ஸல்) அவர்கள் பெரும்பாவங்களின் வரிசையில் வைத்து எச்சரித்தார்கள் என்பதை அறியாத மாணவர் எவருமில்லை. அவர்கள் எம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நேற்று மாலை நாம் செய்தது யாது? அது வெறும் வாழ்த்தா, அல்லது சாட்சியமா?

வாழ்த்துத்தான் என்று முதலில் மனத்தைத் தேற்றிக்கொண்டோம். ஆனால் அந்தக் களஞ்சியம் எவ்வாறு இயங்குகிறது என்று எம் மகனிடம் கேட்டறிந்த பின்னர், அத்தேறுதல் நிலைக்கவில்லை. நாம் கொடுத்த ஐந்தும் பிறர் கொடுத்தவையும் கூட்டப்பட்டுச் சராசரி எடுக்கப்படுகிறது. அந்தச் சராசரியும், கதையைத் திறந்தோர் தொகையும் சேர்ந்து, கதை எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. முன்பின் அறியாத வாசகி ஒருத்தி அந்த இடத்தைப் பார்த்துத்தான் எதைப் படிப்பது எனத் தேர்கிறாள். ஆகவே அந்த நட்சத்திரம் எம் மாணவியை நோக்கிச் சொல்லப்பட்டதன்று. முகமறியா ஒருவரிடம், "நாம் படித்தோம், இது சிறந்தது" என்று சொல்லப்பட்டது. அதற்குச் சாட்சியம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

ஆயிரமாயிரம் கதைகள் குவிந்து கிடக்கும் இடத்தில் ஏதோ ஒரு வரிசை இருந்துதான் ஆகவேண்டும். அகர வரிசையும் ஒரு வரிசைதான். அதில் அகரத்தில் தொடங்கும் தலைப்புகள் பிழைத்துக்கொள்ளும். எனவே வரிசையே வேண்டாம் என்பார் சொல்லை நாம் ஏற்கவில்லை. எந்தத் தராசு, அதில் எந்தக் கல் என்பதே கேள்வி. அளவையில் குறைப்போரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம், எண்பத்து மூன்றாவது, தொடங்குகிறது என்றால், தராசு என்பது கடைவீதிக்கு மட்டும் உரிய சங்கதியன்று.

முதலில் சராசரியை எடுத்துக்கொள்வோம். ஒரு கதைக்கு மூவர் மட்டுமே மதிப்பிட்டனர். மூவரும் ஐந்து கொடுத்தனர். மற்றொன்றுக்கு 400 பேர் மதிப்பிட்டுச் சராசரி 4.6 வந்தது. வெறும் சராசரிப்படி முன்னது தலையில் அமரும், பின்னது அதன் கீழே நிற்கும். அந்த மூவரும் எழுதியவளின் தாயும், தங்கையும், ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்துமாக இருக்கலாம்! இதைக் கண்டுதான் கணக்கறிந்தோர் ஒரு வழி செய்தனர். புதிய கதை ஒவ்வொன்றுக்கும், பொதுச் சராசரியில் அமைந்த ஐம்பது கற்பனை மதிப்பீடுகளை முன்கூட்டியே சேர்த்துவிடுவது. பொதுச் சராசரி 4.2 என்று கொண்டால், மூவர் கதை ஏறத்தாழ 4.25 ஆக இறங்கும். நானூற்றுவர் கதை 4.56 அளவில் நிற்கும். திரைப்படங்களைப் பட்டியலிடும் ஐஎம்டிபி நிறுவனம் தன் தலைசிறந்த 250 படங்களின் வரிசைக்கு இத்தகைய கணக்கைக் கையாண்டு, சூத்திரத்தையும் வெளியிட்டிருந்தது. ஆனால் எவருடைய வாக்குகள் அதில் எடுத்துக்கொள்ளப்படும் என்பதை மட்டும் மறைத்தே வைத்தது. சூழ்ச்சிக்காரர் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தை நாம் புறந்தள்ளவில்லை. என்றாலும் கல்லை மறைத்து வைத்திருக்கும் தராசை எவ்வளவு தூரம் நம்புவது?

இந்தக் கணக்கைக் கேட்டபோது எமக்கு ஹதீஸ் கலையின் 'மஜ்ஹூல்' நினைவுக்கு வந்தது. அறியப்படாத ஓர் அறிவிப்பாளரைப் பொய்யர் என்று நம் இமாம்கள் சொல்லிவிடவில்லை. உண்மையாளர் என்றும் உயர்த்திவிடவில்லை. சான்று சேரும்வரை நிறுத்தி வைத்தனர். மூன்று நட்சத்திரக்காரர்களை நம்பி ஒரு கதையைத் தலையில் தூக்கி வைக்காமலும், காலில் போட்டு மிதிக்காமலும், நடுவே நிறுத்தி வைப்பது அத்தகைய செயலே. இதில் எமக்குக் குறைபாடு தோன்றவில்லை.

குறைபாடு வேறிடத்தில் உள்ளது. கணக்கு எவ்வளவு நுட்பமானதாயினும், அது சாட்சிகளை எண்ணுகிறதே ஒழிய எடைபோடவில்லை. எண்ணுவதற்கும் எடைபோடுவதற்கும் உள்ள வேறுபாட்டை உலகில் எவரேனும் ஆழ்ந்து ஆராய்ந்திருப்பாராயின், அவர்கள் நம் ஹதீஸ் கலைப் பெருமக்களே என்று சொல்வதில் மிகையில்லை.

புகாரீ ஷரீபின் வாயிலில் நிற்கும் முதல் ஹதீஸ், செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பது. அதன் ஸனதைப் பாருங்கள். உமர் (ரலி) அவர்களிடமிருந்து அல்கமா இப்னு வக்காஸ். அவரிடமிருந்து முஹம்மது இப்னு இப்ராஹீம் அத்தைமீ. அவரிடமிருந்து யஹ்யா இப்னு ஸயீத் அல்அன்ஸாரீ. இதுவரை ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே வருகின்றனர். யஹ்யா அவர்களுக்குப் பின்னரே அது பலப்பலராய்ப் பெருகியது. தொடக்கத் தலைமுறைகளில் எண்ணிக்கையைப் பார்த்து வரிசை வைத்திருந்தால், இந்த ஹதீஸ் அடியில் கிடந்திருக்கும். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களோ இதை முதலில் வைத்தார்கள். அந்த நால்வரும் யார் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மறுபக்கம், நாவுதோறும் புழங்கும் வாக்கியங்கள் எத்தனை! சீனம் சென்றேனும் கல்வி தேடுமாறு சொல்லும் வாக்கியத்தை ஹதீஸ் என்று நம் மேடைகளில் கேட்காத ஆண்டுண்டா? அதைப் புனைந்துரை என்று இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) தம் நூலில் சேர்த்தார். ஆதாரம் பலவீனமானது என்ற அளவில் நின்றவர்களும் உண்டு. ஹிஜ்ரி 902இல் மறைந்த இமாம் ஸகாவீ (ரஹ்) அவர்கள், மக்கள் நாவில் புகழ்பெற்ற அறிவிப்புகளை மட்டுமே எடுத்துக்கொண்டு, எது மெய், எது அடிப்படையற்றது எனப் பிரித்துக்காட்ட 'அல்மகாஸிதுல் ஹஸனா' என்றொரு நூலே செய்தார்கள். புகழ் என்பது ஆராயப்படவேண்டிய பொருள். ஆராய்ச்சியின் முடிவன்று என்று அந்த நூல் இருக்கும் இருப்பே சொல்கிறது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம், எழுப்பப்படவும் வேண்டும். ஹதீஸில் கேள்வி, சொல்லப்பட்டது நடந்ததா என்பது. கதையில் நடந்ததா என்ற கேள்வியே இல்லை. படிப்பவர் உள்ளம் குளிர்ந்தால் கதையின் வேலை முடிந்தது. ஆகவே உள்ளம் குளிர்ந்தோரை எண்ணுவதே நேரிய அளவை. இவ்வாறு எம் மகன் எம்மிடம் வாதிட்டான். அவன் பொறியியல் படித்தவன். எனினும் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியவில்லை.

அரபுக் கவிதை ஆய்வில் இத்தடைக்கு மிகப் பழைய மறுமொழி ஒன்று உண்டு. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் இப்னு ஸல்லாம் அல்ஜுமஹீ, கவிஞர்களைத் தரவாரியாக வகுத்த தம் நூலின் முகப்பில், கலஃபுல் அஹ்மர் என்னும் கவிதை விற்பன்னர் பற்றிய நிகழ்ச்சியொன்றைப் பதிவு செய்கிறார். ஒருவர் அவரிடம் வந்து, ஒரு கவிதை எமக்குப் பிடித்துப்போனால் நீரும் உம் கூட்டத்தாரும் அதைப் பற்றி என்ன சொன்னாலும் எமக்குக் கவலையில்லை என்றாராம். கலஃபோ, ஒரு திர்ஹத்தை நீர் அழகென்று எடுத்துக்கொண்ட பின், நாணயம் சோதிப்பவன் அது கள்ளக்காசு என்று சொல்லிவிட்டால், நீர் அதை விரும்பியது உமக்கு என்ன பயன் தரும் என்று கேட்டாராம்.

நாம் மாணவப் பருவத்தில் இந்நிகழ்ச்சியைப் படித்து மகிழ்ந்ததுண்டு. வயதான பின் பார்க்கையில், இது பாதி மறுமொழிதான் என்று தோன்றுகிறது. காசு கடையில் செல்லவேண்டும். கதை எந்தக் கடையிலும் செல்லவேண்டியதில்லை. அடுப்படி வேலை முடிந்து கதவோரம் அமர்ந்து ஒரு பெண் ஒரு கதையைப் படித்து அழுதாளெனில், அது கள்ளக்கண்ணீர் என்று சொல்ல எந்த நாணயச் சோதகனுக்கும் உரிமையில்லை. அவள் தன் மகிழ்ச்சிக்குத் தானே சாட்சி. ஆனால் அவளுடைய கண்ணீரை எண்ணாக்கி, அதைக்கொண்டு மற்றொரு பெண் எதைப் படிக்கவேண்டும் என்று தீர்ப்பளிக்கும் அந்தக் கணத்தில்தான் சோதகன் தேவைப்படுகிறான். விருப்பம் விருப்பமாக இருக்கும்வரை கேள்வி இல்லை. அது பரிந்துரையாக மாறும்போது கேள்வி பிறக்கிறது.

விருப்பங்களின் கூட்டுத்தொகைகூட விருப்பங்களைக் காட்டுவதில்லை என்பதற்கு நல்லதோர் ஆய்வுண்டு. அமெரிக்காவில் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்னும் மூவர் நடத்தி 2006இல் வெளியிட்டது. அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,341 பேரைக் கேட்கச் செய்தனர். ஒரு பகுதியினருக்குப் பாடல்களை மட்டுமே காட்டினர். மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகில் முன்பு எத்தனை பேர் ஒவ்வொரு பாடலையும் எடுத்துக்கொண்டனர் என்ற தொகையையும் காட்டினர். தொகை கண்ணில் பட்டதும் நிகழ்ந்தது வியப்பானது. முன்னிற்கும் பாடலுக்கும் பின்னிற்கும் பாடலுக்கும் இடையேயான தூரம் பெருகியது. அதுமட்டுமன்று; எட்டு உலகங்களிலும் வெவ்வேறு பாடல்கள் முன்னேறின. தனித்துக் கேட்டோரிடம் 26ஆம் இடம் பெற்ற ஒரு பாடல், ஓர் உலகில் முதலிடமும் மற்றோர் உலகில் 40ஆம் இடமும் பெற்றது. மிகச் சிறந்தவை அடியோடு வீழ்ந்ததும், மிக மோசமானவை உச்சிக்கு ஏறியதும் அரிதே என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நடுவே கிடந்தவற்றின் விதிதான் முதலில் வந்தவர் கையில் இருந்தது. நம் பிள்ளைகள் எழுதும் கதைகளில் பெரும்பாலானவை அந்த நடுவில் இருப்பவையே.

படித்தோர் தொகை என்பதும் பெரும்பாலும் திறந்தோர் தொகைதான். முதல் பக்கத்தில் மூடியவரும் அதில் ஒருவர், இறுதிவரை படித்து இரவெல்லாம் உறங்காதவரும் அதில் ஒருவர். முன்பே வந்த கதைக்கு ஆண்டுகள் துணை நிற்கின்றன. நேற்று வந்ததற்கு இல்லை. ஐந்து நட்சத்திரம் என்பதோ நாளடைவில் பொருளிழந்து போகிறது. யூடியூப் நிறுவனம் 2009இல் தன் மதிப்பீடுகளில் மிகப் பெரும்பாலானவை ஐந்தாகவே இருப்பதைத் தானே எடுத்துக்காட்டி, 2010இல் அம்முறையைக் கைவிட்டு விருப்பு வெறுப்பு என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டது. எல்லாருக்கும் முதல் மதிப்பெண் கொடுக்கும் உஸ்தாத் எவருக்கும் மதிப்பெண் கொடுக்கவில்லை. இது வகுப்பறையில் நாம் பட்டறிந்தது.

எடைபோடுவது எப்படி? ஜர்ஹு, தஃதீல் என்னும் கலையில் இமாம்கள் அறிவிப்பாளர்களை எடைபோட்டதோடு நில்லாமல், எடைபோடுவோரையும் எடைபோட்டார்கள். இமாம் தஹபீ (ரஹ்) அவர்கள் திறனாய்வாளர்களைக் கடுமையானவர், இளகியவர், நடுநிலையாளர் என வகுத்தார்கள். கடுமையான ஒருவர் புகழ்ந்தால் அதற்கு மதிப்பு மிகுதி. இளகிய ஒருவரின் புகழுரைக்குத் துணைச் சான்று தேடவேண்டும். ஒத்த காலத்துப் போட்டியாளர் ஒருவரையொருவர் இகழ்ந்துரைப்பதைச் சான்றின்றி ஏற்பதில்லை, சுருட்டி வைத்துவிடுவர். தன் கதை மேலே வரவேண்டிப் பிறர் கதைக்கு ஒற்றை நட்சத்திரம் போடும் எழுத்தாளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விதி எங்கே கிடைக்கும்?

பெற்றோருக்காகப் பிள்ளையும் பிள்ளைக்காகப் பெற்றோரும் சொல்லும் சாட்சியத்தை ஃபுகஹாக்களில் பெரும்பான்மையினர் ஏற்பதில்லை. பாசம் பொய் சொல்லும் என்பதனாலன்று. பாசத்துக்குத் தான் சொல்வது பொய் என்றே தெரியாது என்பதனால். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவர்களுடைய தந்தையாரைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, இது தீன் என்று கூறித் தம் தந்தை அறிவிப்பில் பலவீனமானவர் எனத் தீர்ப்பளித்தார்கள். ஒரு மகனுக்கு அது எவ்வளவு கனமான சொல்! நாமோ ஒரு மாணவியின் முகம் வாடும் என்று அஞ்சி ஐந்தையும் கொடுத்துவிட்டோம்.

இப்னு ஸல்லாமிடம் மீண்டும் வருவோம். அவரிடம் எமக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றுண்டு. ஜாஹிலிய்யாக் காலக் கவிஞரைப் பத்துத் தரங்களாக்கி, தரத்துக்கு நால்வராக அமைத்தார். தரஃபா, அபீத் முதலிய நால்வரை நான்காம் தரத்தில் வைத்துவிட்டு, இவர்களின் உரிய இடம் முன்னோருடன்தான், அறிவிப்போர் கையில் இவர்கள் கவிதை குறைவாக இருப்பதே இவர்களைத் தாழ்த்தியது என்று வெளிப்படையாக எழுதினார். தாழ்த்தினார், ஏன் தாழ்த்தினோம் என்பதையும், தகுதி அதுவன்று என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைத்தார். இக்காலத்துப் பட்டியல் எதிலாவது இவ்விதம் ஒரு குறிப்பைக் கண்டதுண்டா? எண் மட்டும் நிற்கிறது, காரணம் நிற்பதில்லை.

2009 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்னும் ஆங்கிலக் கதைக் களஞ்சியம் இதில் ஓரளவு தெளிவோடு நடந்திருக்கிறது. இலாப நோக்கற்ற அமைப்பொன்று நடத்துவது. அங்கு நட்சத்திரமே இல்லை. பிடித்திருந்தால் ஒரு கதைக்கு ஒருவர் ஒருமுறை பாராட்டுத் தெரிவிக்கலாம். இகழ்வதற்குப் பொத்தான் கிடையாது. கதைகள் இயல்பாக நிற்பது அண்மையில் புதுப்பிக்கப்பட்ட வரிசையில். திறந்தோர் தொகை, பாராட்டுத் தொகை, கருத்துரைத் தொகை ஆகியவற்றில் எதைக்கொண்டு மாற்றி அடுக்கவேண்டுமோ அதை வாசகரே தேர்ந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே எண்ணாக அரைத்துக் குழைத்துத் தருவதில்லை. அங்குள்ளவை யாவும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உகந்தவை என்று நாம் சொல்ல வரவில்லை. தராசை மட்டுமே பேசுகிறோம். அந்தத் தராசிலும் பாராட்டுத் தொகையைக் கொண்டு அடுக்கினால் பழையவையே மேலே நிற்கும். என்றாலும் எந்தக் கல்லால் நிறுக்கிறோம் என்பது நிறுப்பவருக்குத் தெரிகிறது.

நம் தமிழ்க் களஞ்சியங்களை நடத்துவோரிடம் நாம் வேண்டுவதும் இவ்வளவே. எண்களைத் தனித்தனியே காட்டுங்கள். இறுதிப் பக்கம் வரை வந்தவருக்கே மதிப்பிடும் உரிமை கொடுங்கள். முகப்பில் ஒரு பங்கை, இதுவரை எவரும் திறக்காத கதைகளுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். நன்கறிந்த வாசகர் சிலர், தம் பெயரோடும் காரணத்தோடும், இன்ன கதையைப் படியுங்கள் என்று எழுத ஓர் இடம் விடுங்கள்.

இந்தக் கடைசி வேண்டுகோளுக்கு நம் வரலாற்றிலேயே சான்றுண்டு. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புவரையே பள்ளி சென்றவர். 1938இல் அவருடைய 'காதலா? கடமையா?' நாவல் வெளிவந்தபோது, ஒரு முஸ்லிம் பெண் நாவல் எழுதுவதை நம் சமுதாயம் எத்தனை நட்சத்திரங்களால் வரவேற்றிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அந்நூலைப் பாராட்டி எழுதியவர் உ.வே. சாமிநாதையர். ஏட்டுச் சுவடிகளில் பாடம் ஒப்பிட்டே கண்ணொளியைச் செலவிட்ட ஒருவரின் சொல் அது. எண்ணினால் ஒன்று.

எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்று சொன்னோமில்லை. தலைமுறை தலைமுறையாக மக்கள் ஒரு நூலை ஏற்று ஓதி வருவதை நம் உலமாக்களும் சான்றாகவே கொண்டனர். சீறாப்புராணம் அப்படி நின்ற நூல். 1842இல் அச்சேறும் முன்னரே ஏட்டிலும் நாவிலும் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தது. ஆனால் அது காலம் எடுத்து நிறுத்த நிறை. ஒரு வாரத்து விரலசைவுகளை அதனோடு ஒன்றாக வைப்பதற்கில்லை.

எம் செய்தி மிச்சமிருக்கிறது. அந்தக் கதை எம் நட்சத்திரமும் அவள் உறவினர் நட்சத்திரங்களும் சேர்ந்து, அவ்வாரம் அதன் பிரிவில் மேலேறி நின்றது. நாம் பிறகு அதைப் படித்தோம். நடை இருந்தது, மாமியார் பாத்திரத்தில் உயிர் இருந்தது. முடிவு, எங்கோ பார்த்த தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்திருந்தது. மூன்று கொடுக்கலாம். அதே பிரிவில் வெகுகீழே, எம்மிடம் ஓதிய மற்றொரு பெண்ணின் கதை கிடந்தது. அவள் எம்மிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. எழுதுகிறாள் என்பதே எமக்குத் தெரியாது. கப்பலில் வேலை செய்யும் தந்தையின் குரலைக் கைப்பேசியில் மட்டுமே அறிந்த சிறுமி, அவர் வீடு திரும்பியதும் அவரை அடையாளம் காணாமல் நிற்பது கதை. மையித்து வீட்டில் அமர்ந்திருப்பவர்போல் நாம் நெடுநேரம் அசையாமல் இருந்தோம். அதைத் திறந்தோர் தொகை 11.

ஐந்தை மூன்றாக மாற்றினோம். மாற்றியதை மாணவிக்குத் தெரிவிக்காமல் விட்டால் அது வேறொரு மோசடி ஆகும் என்று தோன்றியது. ஆகவே அவளை அழைத்துக் காரணத்தோடு சொன்னோம். அவள் தலைகுனிந்து கேட்டாள். "சரிங்க ஹஜ்ரத்" என்றாள். பெருநாளைக்கு அவள் வீட்டிலிருந்து வழக்கமாக வரும் வட்டிலப்பம் இம்முறை வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் ஒருநாள் தாயார் மட்டும் வந்து, முடிவை மாற்றி எழுதிய தாள்களைக் கொடுத்துவிட்டு, அமராமலே சென்றுவிட்டார். அவற்றை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த மற்றொரு கதையின் கீழே எம் பெயரிட்டு நான்கு வரி எழுதினோம். சிறுமி கதவுக்குப் பின்னால் நிற்கும் இடம் ஏன் எம்மை நிறுத்திற்று என்பதைச் சொன்னோம். மறுநாள் பார்த்தபோது 11 என்றிருந்த எண் 12 ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டாமவர் நாமே.